எட்டாத எட்டு

இனிமேல் என் மனைவி தினமும் ராத்திரி என் வீட்டில்தான் சாப்பிடுவாள் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் நான் முடிவெடுத்தேன்.

தப்பாக நினைத்துவிடாதீர்கள். அவள் வேறு இடத்தில் சாப்பிட்டாள் என்பது உண்மைதான். ஆனால் அது அரசாங்க உத்தரவு. கல்யாணமான மூன்றாம் மாதம் அவளுக்கு வத்திராயிருப்பில் டீச்சர் வேலை கிடைத்தது. நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை ஆபீசில் குமாஸ்தா. நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கள் ஊர் முதல் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது, வத்திராயிருப்பு பஸ்ஸின் முதுகு மட்டும்தான் தெரியும். அடுத்ததில் போனால் பிரேயரும் முடிந்து முதல் பீரியடும் முடிந்திருக்கும். அதனால் அங்கேயே வெள்ளைத்தாய் என்ற டீச்சரோடு ஓர் அறையில் தங்கினாள். வெள்ளிக்கிழமை ராத்திரி வருவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, சாயங்கால பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

பெயர் ஞானபாக்கியம். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே, ஞானம் அவளுக்கு, பாக்கியம் எனக்கு என்று கணக்குப் போட்டேன். நான் பி.காம். கணக்கு தப்பாது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள்தான் பாக்கியம். மற்ற நாளெல்லாம் பாக்கி.

திங்கட்கிழமை காலையில் காபி போட்டால் கை தானாக இரண்டு டம்ளரை எடுக்கும். இரண்டிலும் ஊற்றிவிடுவேன். என்னுடையதைக் குடித்துவிட்டு, ஆறவிடக் கூடாதே என்று அவளுடையதையும் குடிப்பேன். ராத்திரி தூக்கம் வராது. அதற்குக் காபி காரணமா, காபிக்கு உரியவள் காரணமா என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன். விடிந்துவிடும். மறுபடியும் இரண்டு டம்ளர்.

வெள்ளிக்கிழமை அவள் வந்ததும் திட்டத்தைச் சொன்னேன்.

“பாக்கியம், ஒரு ஸ்கூட்டர் வாங்கப் போறேன். காலையில உன்ன ஸ்ரீவில்லிபுத்தூர்ல கொண்டு விட்டா மொத பஸ்ஸப் பிடிச்சிரலாம்லா? சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டு வாரேன்.”

“நல்ல யோசனைதான். யாரு ஓட்டுவா?”

“நான்தான்.”

“சைக்கிள்ல போறப்பவே எதுக்க மாடு வந்தா எறங்கிருதியளே.”

“வழி விட்டேன்.”

“மாடு கட்டிக் கெடந்துச்சு.”

இதற்கெல்லாம் பதில் சொன்னால் குடும்பம் நடத்த முடியாது. எங்கள் ஆபீஸ் கேஷியரின் பழைய ஸ்கூட்டரை வாங்கினேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஸ்கேல் வைத்துச் சிவப்பில் எல் எழுத்து வரைந்து ஒட்டினேன். பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த பீர் முகமதுவிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் கார் கற்றுக்கொடுப்பவர். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஸ்கூட்டருக்குச் சம்மதித்தார். அவர் ரகசியம் பேசினால் மூன்றாவது தெருவில் பதில் சொல்வார்கள்.

முதல் நாள் ஆபீசிலிருந்து நேராக மைதானத்துக்குப் போனேன். தோளில் சாப்பாட்டுப் பை. வண்டி உறுமியது. இடது கையில் கிளட்ச்சை இறுக்கிப் பிடித்திருந்தேன். பீர் முகமது கத்தினார்.

“அப்பிடியே பைய விடுங்க சார்! பைய! பைய விடுங்க!”

விட்டேன். பை விழுந்தது. பையைக் கழற்ற இடது கையைத் தூக்கியதால் கிளட்ச்சும் விட்டது. வண்டி குதிரை மாதிரி முன்காலைத் தூக்கி நின்றுவிட்டு, என்னை மட்டும் இறக்கிவிட்டுப் போனது.

“பைய விடச் சொன்னா எதுக்கு சார் மொத்தமா விட்டிய?”

“பைய விடத்தான் சொன்னீங்க. விட்டுட்டேன். அந்தா கெடக்கு.”

பீர் முகமது பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சாருக்கு எந்த ஊரு?” என்றார்.

இதே ஊர்தான். எங்கள் பக்கத்தில் பைய என்றால் மெதுவாக என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. மதுரையில் காலேஜில் படித்தபோது யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று ‘மெதுவாக, மெதுவாக’ என்று சொல்லிப் பழகினேன். ‘பைய’ என்றால் பை மட்டுமே ஞாபகம் வருகிற அளவுக்கு முன்னேறிவிட்டேன். அன்றைக்கு முழங்கையில் அந்த முன்னேற்றத்துக்கு மருந்து போட்டேன்.

ஆனால் கவனமாகப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பீர் முகமது சொன்ன ஒவ்வொன்றையும் பாடமாகவே படித்தேன். கிளட்ச்சை விடுவது, தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுகிற மாதிரி இருக்க வேண்டும். பிரேக்கை மிதிக்கக் கூடாது, கெஞ்ச வேண்டும். வளைவுக்குள் போன பிறகு வேகத்தைக் குறைக்கக் கூடாது, வருவதற்கு முன்பே குறைக்க வேண்டும். முன் சக்கரத்தைப் பார்க்கவே கூடாது.

“தூரமாப் பாருங்க சார். கண்ணு எங்க போவுதோ, வண்டி அங்கதான் போவும்.”

பரீட்சையும் அவரே வைத்தார். காலடித் தட்டில் தளும்பத் தளும்ப ஒரு சொம்புத் தண்ணீர். ஒரு சொட்டுச் சிந்தாமல் மைதானத்தைச் சுற்ற வேண்டும். ஆரம்பத்தில் என் பேண்ட் முழங்காலுக்குக் கீழே காயவே இல்லை. ஆபீசில், தினமும் ஆற்றைக் கடந்து வருகிறேனா என்று கேட்டார்கள். பிறகு பாதிச் சொம்பு தங்கியது. பிறகு முக்கால். கடைசியில் ஒரு நாள் தண்ணீர் அசையவே இல்லை. பீர் முகமது குனிந்து பார்த்து, அந்தத் தண்ணீரையே எடுத்துக் குடித்துவிட்டு, “இனிமே டீச்சரத் தைரியமா ஏத்தலாம்” என்றார். மூன்று தெருவுக்கும் கேட்டது.

மறு திங்கட்கிழமை பாக்கியம் ஏறி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் எனக்கும் அவளுக்கும் நடுவில் வயர் கூடையை வைத்தாள். கூடைக்குள் சாப்பாட்டு கேரியர், பரீட்சைப் பேப்பர். கிளட்ச்சைப் பைய விட்டேன். வண்டி கிளம்பியது தெரியாமல் கிளம்பியது. மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் பின்னாலிருந்து காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது.

“என்ன பண்ணுத?”

“பேப்பர் திருத்துதேன்.”

“வண்டி ஓடுறப்பவா?”

“ஓடுதா? எங்க வீட்டு ஊஞ்சல்கூட இம்புட்டு ஆடாம இருக்காது.”

பெருமையாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரைதான் பெருமை. அங்கே எதிரே ஒருவன் மொபெட்டில் மனைவியோடு வந்தான். ஓட்டத் தெரியாதவன். குதித்துக் குதித்து வந்தான். அந்தப் பெண் இரண்டு கையாலும் அவன் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் என் தோளைப் பார்த்தேன். இஸ்திரி கலையாமல் இருந்தது.

தினமும் வீட்டுக்கு வருகிறாள். இரண்டாவது டம்ளர் காபியை அவளே குடிக்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு கை வேண்டும். தோளில். வேறு ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் சேர்ந்து நடந்தால்கூட அவள் நாலடி பின்னால்தான் வருவாள். அவ்வளவு பக்கத்தில் நாங்கள் வெளியே இருந்தது அந்த ஸ்கூட்டரில்தான். அங்கேயும் கூடை.

தோளைப் பிடி என்று சொல்ல எனக்கு வெட்கம். வேண்டுமென்றே பிரேக் அடிக்க மனம் வரவில்லை. சொம்புத் தண்ணீர் ஞாபகம் வந்துவிடும். அதனால் பொய் சொன்னேன்.

“பாக்கியம், பின்னால உக்காருறவங்க ஓட்டுறவங்க தோளப் பிடிச்சுக்கிடணுமாம். பேலன்சுக்கு. பீர் முகமது சொன்னாரு.”

“இத்தன நாளு சொல்லலியே?”

“இன்னிக்குத்தான் சொன்னாரு.”

“உங்க காது ஏன் செவந்திருக்கு?”

“காத்து.”

கூடை மடிக்குப் போனது. கை தோளுக்கு வந்தது. இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் ராஜபாளையம் ரோட்டில் என்னைச் சைக்கிள்கள் முந்திப் போயின. ஒரு மாட்டு வண்டியும் போனது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஏதோ வேலையாக வந்திருந்த பீர் முகமது எங்களைப் பார்த்துவிட்டார்.

“டீச்சர்! எப்பிடி ஓட்டுதாரு சாரு?”

“நல்லா ஓட்டுதாவண்ணே. நீங்க சொன்ன மாதிரி தோளப் பிடிச்சுக்கிட்டேதான் வாரேன்.”

“நான் எப்பம்மா சொன்னேன்?”

நான் கண்ணைக் காட்டினேன். அவர் கண்ணைப் பார்க்கிற ஆளில்லை. எல் எழுத்தைப் பார்த்துவிட்டார்.

“இன்னும் எல் போர்டா? சார், லைசென்ஸ் வந்திருச்சுன்னுல்லா நெனச்சேன்! எல் போர்டு வண்டியில தோளப் பிடிக்கிறது கெடக்கட்டும், டீச்சர் உக்காரவே கூடாது. லைசென்ஸ் உள்ள ஆளு, சொல்லிக்குடுக்கிற ஆளு, அவிய மட்டுந்தான் பின்னால உக்காரலாம். சட்டம்!”

பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சட்டம் தெரிந்துகொண்டது. பாக்கியம் என்னைத் திட்டவில்லை. இறங்கினாள். என் காதை ஒரு முறை பார்த்தாள். ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கடைசி சீட்டு, ஜன்னலோரம். நான் வீடுவரை அந்த பஸ்ஸின் பின்னாலேயே வந்தேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாளா, புகையில் கண்ணைச் சுருக்கினாளா, தெரியவில்லை. எனக்கும் புகைதான். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதையே காரணமாக வைத்துக்கொண்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள். “நீங்க லைசென்ஸ் எடுக்கிற வரைக்கும் நான் பழையபடி வத்திராயிருப்புலயே இருந்துக்கிடுதேன். சட்டம்னா சட்டம்.”

“ரெண்டு மாசம் ஆகுமே பாக்கியம்.”

“இல்லன்னா ஒண்ணு செய்யலாம். லைசென்ஸ் உள்ளவங்க பின்னால உக்காரலாம்லா? நான் லைசென்ஸ் எடுத்தா?”

நான் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்புதான் எனக்கே பிடிக்கவில்லை.

“சேலையக் கட்டிக்கிட்டா? சேலை செயின்ல மாட்டிரும்.”

“ஸ்கூட்டர்ல ஏது செயின்?”

இன்னும் சத்தமாகச் சிரித்தேன். ஸ்கூட்டரில் செயின் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாததால். மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போகும் முன் குனிந்து பார்த்தேன். இல்லை.

மறுபடியும் இரண்டு டம்ளர். இந்தத் தடவை முன்னைவிட மோசம். முன்பு அவள் இல்லாத வீடுதான் இருந்தது. இப்போது அவள் இல்லாத தோளும் சேர்ந்துகொண்டது. ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது வலது தோளைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். சுளுக்கா என்று கேட்டுத் தைலம் கொடுத்தார்கள். வாங்கித் தடவிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் அவள் வருவாள். லைசென்ஸ் டெஸ்டுக்காக நான் எட்டுப் போட்டுப் பழகுவதைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்பாள். கிளட்ச்சை எவ்வளவு விட வேண்டும்? திரும்பும்போது பார்வை எங்கே இருக்க வேண்டும்? என் மேல்தான் எத்தனை அக்கறை என்று உருகி, ஒன்று விடாமல் சொன்னேன்.

மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மைதானத்தில் டெஸ்ட் வைக்கிற நாள் வந்தது. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பரீட்சையில் தோற்றதில்லை. யாரும் எழுதியதும் இல்லை. எழுதிய ஒரே ஆள் நான். எல்லாவற்றிலும் பாஸ். அந்தச் சாதனையைச் சுமந்துகொண்டு எட்டுக்குள் நுழைந்தேன். முதல் சுழி சுத்தமாக வந்தது. இரண்டாம் சுழியில் திரும்பும்போது, பீர் முகமது சொன்னபடி பார்வையைத் தூரமாக வைத்தேன்.

தூரத்தில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள்.

கண் அங்கே போனது. வண்டியும் அங்கேயே போனது. எட்டை விட்டு, சுண்ணாம்புக் கோட்டை விட்டு, நேராக. இரண்டடி தூரத்தில் பிரேக்கைக் கெஞ்சி நிறுத்தினேன். ஒரு தூசி கிளம்பவில்லை.

“ரொம்ப நயமா ஓட்டுறீங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “ஆனா எட்டு அங்க இருக்கு. பெயில்.”

“என்னப் பாக்கவா லீவு போட்டுட்டு வந்த?” என்று கேட்டேன்.

“இல்ல. அடுத்து நான்தான். செத்த தள்ளி நில்லுங்க.”

அவள் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். அதன் பக்கத்தில் வெள்ளைத்தாய் டீச்சர். அந்த டீச்சரின் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். அவர் விட்டுப்போன ஸ்கூட்டரை இந்த அம்மாள் லைசென்ஸ் எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும், பள்ளிக்கூட மைதானத்திலேயே, டீச்சருக்கு டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மீதிப் பாடம் வெள்ளிக்கிழமை தோறும் என்னிடமிருந்து போயிருக்கிறது.

பாக்கியம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஏறினாள். கிளட்ச்சைப் பைய விட்டாள். நான் அதுவரை எட்டு என்பதை எண் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் போட்டது கோலம். எனக்கு எட்டாத எட்டு.

பாஸ்.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவள் என் வண்டியின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கூடை இல்லை. “இப்ப நான் லைசென்ஸ் உள்ள ஆளு. சட்டப்படி உக்காரலாம். போங்க” என்றாள்.

கிளம்பினேன். கை வந்தது. தோளில். நான் கேட்காமலே.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்றேன்.

“சொன்னா சிரிப்பிய.”

மம்சாபுரம் விலக்கு தாண்டினோம். மேற்கே மலை கருத்துக்கொண்டிருந்தது.

“எனக்கு மட்டும் அங்க இருக்கப் பிடிச்சா கெடக்கு?” என்றாள் திடீரென்று. “வெள்ளைத்தாய் டீச்சர் ராத்திரி கொறட்ட விடுதாவ. தூக்கமே வரல.”

“நானும்தான் கொறட்ட விடுதேன்.”

“அது எனக்குப் பழகின கொறட்ட.”

அன்று ஒரு கட்டை வண்டிகூட எங்களை முந்திப் போயிருக்கும். நான் கவனிக்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டேன். “வழி முழுக்கக் கைய எடுக்கவே இல்லையே?”

“எப்பிடி எடுப்பேன்? நீங்க எல் போர்டு. யாரும் கேட்டா, சொல்லிக்குடுக்கேன்னு சொல்லிக்கிடலாம். நீங்க பாஸ் பண்ணிட்டா எடுத்துருவேன். பொறவு ரோட்டுல ஊரு என்ன சொல்லும்?”

அன்றிலிருந்து தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர், சாயங்காலம் ராஜபாளையம். கை தோளில். ஒரு டம்ளர் எனக்கு, ஒரு டம்ளர் அவளுக்கு. என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல நாட்கள் வந்ததில்லை. இவ்வளவு பயந்ததும் இல்லை. ஏனென்றால் அடுத்த டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. நானோ எட்டை இப்போது தூக்கத்தில்கூடப் போடுவேன். பாஸ் பண்ணினால் கை போய்விடும்.

நான் நேர்மையானவன். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியதில்லை. பாஸ் ஆவதற்காக ஏமாற்றுவதுதானே தப்பு? பெயில் ஆவதற்காக ஏமாற்றக் கூடாது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது டெஸ்ட். முதல் சுழி அழகாகப் போட்டேன். இரண்டாம் சுழியின் நடுவில், நன்றாக இடம் பார்த்து, வண்டி அலுங்காமல் நிறுத்தி, காலைப் பைய ஊன்றினேன். இன்ஸ்பெக்டர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

“எதுக்கு ஊன்றுனீங்க?”

“பயம் சார்.”

“பயந்தவன் இப்படியா ஊன்றுவான்? செருப்புக் கழட்டுற மாதிரில்ல ஊன்றுனீங்க. பெயில்.”

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மைதானத்து ஓரமாக நின்ற பாக்கியத்திடம் வந்தேன். தொங்கப்போடுவது கஷ்டமாக இருந்தது. உள்ளே ஒரே சிரிப்பு.

“போச்சு பாக்கியம். இன்னும் கொஞ்ச நாளைக்கு எல் போர்டுதான்.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தாள்.

“அதுக்கென்ன. பீர் முகமதண்ணன் காலையில சொன்னாவ, நேத்து மைதானத்துல ஒத்தக் கையிலயே எட்டுப் போட்டியளாமே.”

நான் காதைக் கையால் மறைத்தேன்.

“ரெண்டு தரம் பெயிலான ஆள நம்பி உசுரக் குடுக்க முடியாதுங்க. சாவியக் குடுங்க. பின்னால ஏறுங்க.”

“நீயா? ராஜபாளையம் வரைக்குமா? ஊரு பாக்குமே!”

“பாக்கட்டும். லைசென்ஸ் உள்ளவ ஓட்டுதா, இல்லாதவிய உக்காந்து வாராவன்னு நெனச்சுக்கிடும்.”

ஏறினேன். வண்டி கிளம்பியதா என்றே தெரியவில்லை. அவ்வளவு நயம். ரோடு பின்னால் ஓடியது. காற்றில் அவள் தலைமுடி ஒன்று பறந்து என் கன்னத்தில் பட்டது. ஓட்டுவதைவிட இதுவும் நல்லதுதான் என்று தோன்றியது. இத்தனை நாள் என் தோளில் இருந்த கைக்கு நன்றி சொல்வது போல, என் கையைப் பைய எடுத்து, அவள் தோளில் வைத்தேன்.

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “தோளு சொல்லிக்குடுக்கிறவியளுக்குத்தான். பெயிலானவியளுக்கு சீட்டுக்குப் பின்னால கம்பி இருக்கு, அதப் பிடிங்க.”